எட்டு மணிக்கு முன்னாடி வராதீங்க

செஞ்சியில் பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடும் சமண வீடுகளில் தனலட்சுமியின் வீடும் ஒன்று. இருட்டிய பின் ஒரு பருக்கை வாயில் படாது. தெருப் பெண்களெல்லாம் உலை வைக்கும் நேரத்தில் அவள் அடுப்பைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். சும்மாவா? கவிதை எழுதுவாள்.

மேல்சித்தாமூரிலிருந்து பத்தொன்பது வயதில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் விருஷபதாஸ் அரிசி மண்டிக்காரர். ஐந்தரைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி கடைக்குப் போனால் எட்டு மணிக்குத்தான் திரும்புவார். முப்பத்தாறு வருஷமாக அந்த இரண்டு மணி நேரம்தான் அவள் சொத்து. அதில் எழுதியவை சிறு பத்திரிகைகளில் வந்தன. திண்டிவனத்துப் பதிப்பகம் ஒன்று புத்தகமாகப் போட்டு, அடுத்தது எப்போது என்றும் கேட்டது.

அந்தச் சமயம் பார்த்து விருஷபதாஸ் மண்டியை மகன் ரிஷபனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு உட்கார்ந்தார்.

தங்கமான மனுஷன்தான். ஆனால் வாய் ஓயாது. நெல்லின் ஈரம், மேல்மலையனூர் அமாவாசை பஸ் கூட்டம், எதிர்வீட்டு விநாயகத்தின் சர்க்கரை எல்லாமே அவள் நோட்டைத் திறக்கும் நேரத்துக்குத்தான் அவர் நினைவுக்கு வரும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அவர் பிழைத்தார், அவள் கவிதை பிழைக்கவில்லை. நான்கு மாதத்தில் ஒரு வரி தேறவில்லை. இனி வரவே வராதோ என்ற பயம் அவளைத் தின்றது. மகனிடம் சொல்லி அழுதாள். "நைனா மேல கோவம்லாம் இல்லடா. எழுத வரலியேன்னுதான்."

மகன் வாயில் எது தங்கியது? மறுநாளே விருஷபதாஸ் விரதம் பூண்டார். ஆறு மணிக்கு மேல் மௌனம்.

மௌனமா அது! தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைத் தட்டுவார். கரண்ட் போனால் அவளைப் பார்த்துக் கையை விரிப்பார். மூன்று நாளும் அவளுக்குச் சிரிப்பு வந்ததே தவிர கவிதை வரவில்லை. பொழுது போகாமல் அவர் அவளுடைய பழைய நோட்டுகளை எடுத்துப் படித்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவற்றைத் தொட்டதே இல்லை.

நாலாம் நாள் விரதம் முறிந்தது.

"எறும்பு இருக்குது, மழை இருக்குது, ராஜகிரி மலைல ஏறுற வெள்ளாடு கூட இருக்குது. நான் எங்கயுமே இல்லியே தனம்."

அவளுக்குச் சுருக்கென்றது. பொய் சொல்லித் தேற்ற மனசு வரவில்லை.

"இல்லதாங்க. நீங்க இல்லாத நேரத்துல எழுதனது. ஆனா எல்லாம் எங்க முடியுதுன்னு பாருங்க. உங்க வண்டிச் சத்தம் கேட்டதும் நோட்ட மூடிடுவேன். அதுக்கு மேல எழுத ஒண்ணும் இருக்காது. நீங்க வர்ற வரிக்கும் எழுதனதுதான் அத்தனையும்."

அவர் மறுபடி முதல் நோட்டை எடுத்து, ஒவ்வொரு கவிதையின் கடைசி வரியையும் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாப்பிட்டு எழுந்ததும் சட்டையை மாட்டினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"மண்டிக்கு."

"அங்க இன்னா வேலை உங்களுக்கு?"

"ஒரு வேலையும் இல்ல." வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு, அவளைப் பார்க்காமலே கேட்டார். "காத்துக்கினு இருப்பியா?"

முப்பத்தாறு வருஷத்தில் அவர் கேட்காத கேள்வி.

"இருப்பேன். எட்டு மணிக்கு முன்னாடி வந்துடாதீங்க," என்றாள். சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.