கனோலா மாதிரியும் கழுவாத கிரைண்டரும்

செந்திலின் கனோலா விதை பாசிட்டிவ் என்று எழுதியவள் நான். அப்போது ஓக்லாந்தில் ஒரு விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தேன். கனோலா விதை பார்வைக்குக் கடுகுதான். விதைப்பதற்காக வெளிநாட்டிலிருந்து வந்தால், மரபணு மாற்றிய விதை ஒன்றுகூடக் கலந்திருக்கக் கூடாது. கலந்திருந்தால் பாசிட்டிவ்; சரக்கைத் திருப்பி அனுப்பவேண்டும், அல்லது அழிக்கவேண்டும்.

செந்தில் கோயம்புத்தூர்க்காரர், ஓக்லாந்திலேயே பக்குரங்காவில் வீடு. குளிர் தாங்கும் புது ரகமொன்றைத் நாட்டின் தெற்குத் தீவில் இரண்டு விவசாயிகளின் நிலத்தில் சோதித்துப் பார்க்க, இரண்டு வருடம் அலைந்து அந்த விதையை எடுப்பித்திருந்தார். இலையுதிர்காலத்தில் விதைக்காவிட்டால் அந்த வருடம் போய்விடும்.

முடிவை அவரிடம் போனில் சொன்னேன். நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

பாபகூரா போகும் ரயிலில் வீட்டுக்குப் போகும்போது, அன்று செய்த வேலையை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் மரபணு மாற்றிய விதையை முதலில் அரைத்தேன். அடுத்தது செந்திலின் விதை. நடுவில் கிரைண்டரைக் கழுவியது நினைவில் வரவில்லை. கழுவியதாகப் பதிவுப் புத்தகத்தில் என் கையெழுத்து மட்டும் இருந்தது. காலையிலேயே எல்லாக் கட்டத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுவது என் பழக்கம்.

மறுநாள் மேலாளர் ஹெலனிடம் சொன்னேன். வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். இல்லை என்றேன். செந்திலிடம் நீயே சொல் என்றார். போன் எடுத்தேன்.

"பிழை விதையில இல்லை, என்னிலதான். கிரைண்டரைக் கழுவாமல் அரைச்சுப் போட்டன்."

"நேத்தே சொல்லியிருக்கலாமே மேடம்."

"நேற்றுப் பின்னேரம்தான் எனக்கே விளங்கினது."

புது மாதிரி எடுத்துப் பார்த்ததில் விதை சுத்தம். அதற்குள் ஒரு விவசாயி காத்திருக்காமல் கோதுமை போட்டுவிட்டார். மற்றவர் பிந்தி விதைத்தார், பாதிதான் முளைத்தது. எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. நியாயம்தான்.

அடுத்த வருடம் செந்தில் பெரிய சரக்காக எடுப்பித்தார். நேரில் வந்து, நான்தான் பார்க்கவேண்டும் என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் கிரைண்டரைக் கழுவி, மூன்று தரம் செய்து பார்த்தேன். மூன்றும் பாசிட்டிவ்.

வரவேற்பறையில் உட்காரவைத்துச் சொன்னேன்.

"இந்த வாட்டியும் உங்க தப்பா இருக்குமா மேடம்?"

"இல்லை செந்தில். இந்த முறை விதைதான்."

வேறு கூடத்திலும் கொடுத்துப் பார்க்க அவருக்கு உரிமை உண்டு என்றேன். வேண்டாம் என்று தலையாட்டி, விதையை அழிக்கும் படிவத்தை வாங்கி நிரப்பினார்.

இந்த வேலையில் கெட்ட செய்திதான் அதிகம் சொல்லவேண்டி வரும். அதை ஒருவர் மறுபேச்சில்லாமல் நம்பிவிட்டால், அதைப்போலச் சங்கடம் வேறு இல்லை. முதல் வருடம் என் பிழையை மறைத்திருந்தால், அப்படி நம்பப்படும் சங்கடத்துக்கும் எனக்குத் தகுதி இருந்திருக்காது.