ஒன்றரைக் கோடை

நாங்கள் குடியேறிய பிரெஞ்சு ஊரான புவாண்ட்-கிளேரில் ஒருகாலத்தில் சம்பளத்துக்கு விளையாடும் ஒரு பேஸ்போல் அணி இருந்தது என்று சொன்னால், இன்று அங்கே குடியிருப்பவர்களே நம்பமாட்டார்கள். பெரிய அணிகளில் இடம் கிடைக்காத பையன்களைச் சேர்த்து, யாரோ ஓர் ஆசைக்காரர் தொடங்கிய சின்ன லீக் அது. மொத்தம் நாலே அணிகள். ஒன்றரைக் கோடை உயிரோடு இருந்தது. இணையத்தில் தேடினால் மங்கலான ஒரு படம் மட்டும் கிடைக்கிறது. வீரர்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஓரத்தில், மண்ணைச் சமப்படுத்தும் வாரியைப் பிடித்தபடி, படமெடுப்பதே தெரியாமல் ஒருவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் என் மாமா. அம்மாவின் தம்பி.

மாமாவின் அகதி விண்ணப்பம் ஒருமுறை நிராகரிக்கப்பட்டிருந்தது. மனிதாபிமான அடிப்படையில் இன்னொன்று போட்டிருந்தார்கள். நேர்காணல் நடக்கும் நாளில் கையில் ஒரு நிலையான வேலை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கஷ்டம் என்று வழக்கறிஞர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த வேலையைக் கொடுத்தது இந்த லீக்தான். மைதானத்தில் புல் வெட்டுவது, வெள்ளைக்கோடு போடுவது, ஓட்டக் கணக்குக் காட்டும் பலகையில் தகர இலக்கங்களைக் கொழுவுவது. லீக்கின் தலைப்பிட்ட தாளில் வந்த வேலைக் கடிதத்தை அம்மா சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்கு முதல் ஓவர் போட்ட மாமாவுக்குப் பேஸ்போலில் கடைசிவரை மரியாதை வரவில்லை. "நிலத்தில குத்தாமல் எறியிறாங்கள். எங்கடை ஊரெண்டால் எல்லாம் நோ-போல்" என்பார். ஆனால் ஒரு ஆட்டத்தையும் மறக்கமாட்டார். சாப்பாட்டு மேசையில் எந்தக் கிழமை ஆட்டத்தைக் கேட்டாலும், ஒன்பது இன்னிங்ஸின் ஓட்டங்களையும் மூச்சுவிடாமல் ஒப்புவிப்பார். அப்பா அதைக் கேட்டுத் தலையிலடித்துக்கொள்வார்.

எனக்கு அப்போது பத்து வயது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்ததால் எங்கள் வீட்டின் வெளிவிவகார அமைச்சர் நான்தான். வருகிற கடிதங்களையெல்லாம் வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. அதில் எனக்குக் கள்ளப் பழக்கமும் இருந்தது. வகுப்பில் ஓயாமல் கதைத்து அலட்டுகிறாள் என்று ஆசிரியை எழுதி அனுப்பியதை, வகுப்பில் கலகலப்பாகப் பங்குபற்றுகிறாள் என்று வாசித்து, அம்மாவிடம் முத்தம் வாங்கியிருக்கிறேன்.

இரண்டாவது கோடையில் ஒரு அணி வராமல் நின்றுவிட்டது. மிஞ்சிய மூன்றில் இரண்டு விளையாட, ஒவ்வொரு கிழமையும் ஒரு அணி சும்மா இருக்கும். ஆடியில் ஒரு திங்கட்கிழமை மாமா சமையலறைக்கு ஒரு கடிதத்தோடு வந்தார்.

"பிள்ளை, இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."

நாலைந்து வரிகள்தான். லீக் இத்துடன் மூடப்படுகிறது, ஊழியர்கள் இனி வரத் தேவையில்லை, இதுவரை உழைத்த எல்லோருக்கும் நன்றி. எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. முதல்நாள் மாமா தொலைபேசியில் பேசியதும் ஞாபகத்துக்கு வந்தது. ரொறன்ரோவில் அவருடைய கூட்டாளி பேக்கரி திறந்திருந்தார். வேலையும் தருகிறேன், கடிதமும் தருகிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வா என்று கூப்பிட்டார். "இஞ்ச வேலை இல்லையெண்டால் வாறன், இருந்தால் வரமாட்டன்" என்று மாமா சொல்லியிருந்தார்.

அப்பாவும் அம்மாவும் மாறி மாறி வேலைக்குப் போகிற வீட்டில் என்னோடு உட்கார்ந்து கதைத்தவர் மாமா ஒருவர்தான். சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டுபோய், தகர இலக்கங்களைக் கொழுவ விடுவார். அவர் போய்விட்டால் எனக்கு யாரிருக்கிறார்கள்?

"இந்தக் கிழமை எங்கடை ரீமுக்கு மச் இல்லையாம் மாமா. மற்ற ரெண்டும்தான் விளையாடுதாம்."

"அவ்வளவும்தானோ? நீளமாக் கிடக்கு."

"பிரெஞ்சுக்காரர் மரியாதைக்கு நீட்டித்தான் எழுதுவினம்."

மாமா சிரித்தார். அன்றே ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்து, வரவில்லை என்று சொல்லிவிட்டார். கூட்டாளி அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்.

ஆட்டம் இல்லாவிட்டாலும் புல் வளருமே என்று அந்தக் கிழமை முழுக்க மாமா மைதானத்துக்குப் போனார். கருவிக் கொட்டிலின் சாவி அவரிடம் இருந்தது. சனிக்கிழமை நானும் போனேன். ஒரு குஞ்சு குருமான் இல்லாத மைதானத்தில் மாமா குனிந்து, வெண்தூள் வண்டியைத் தள்ளித் தள்ளி, வளையாமல் கோடு போட்டார். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கிட்டப் போனேன். "வடிவாக் கிடக்கோ பிள்ளை?" என்று கேட்டார். ஓம் என்று திரும்பி வந்துவிட்டேன். இதை எழுத இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

நேர்காணல் அடுத்த புதன்கிழமை. அதிகாரி வேலைக் கடிதத்தில் இருந்த தொலைபேசி இலக்கத்துக்கு அடித்துப் பார்த்தார். தொடர்பு இல்லை. கணினியில் தேடிப்பார்த்துவிட்டு, போன சனிக்கிழமை என்ன செய்தாய் என்று கேட்டார். அடுத்த ஆட்டத்துக்காக மைதானத்தில் கோடு போட்டேன் என்றார் மாமா. வாழ்க்கையில் அவர் சொன்ன கலப்படமில்லாத உண்மை அது. அந்த லீக் இப்போது இல்லையே என்று சொல்லி அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். வேலையும் பொய், கடிதமும் பொய் என்று முடிவு வந்தது.

பனி கொட்டத் தொடங்குமுன் மாமாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொழும்பில் இறங்கியதும் விசாரணைக்கென்று கொண்டுபோனார்கள். பல நாள் கழித்தே வெளியே விட்டார்கள். அங்கே நடந்ததை அவர் யாருக்கும் சொல்லவில்லை. பந்து போட்ட வலது கையின் விரல்கள் இன்று முழுதாக மடங்குவதில்லை. வீடியோவில் பேசும்போது தொலைபேசியை இடது கையால்தான் பிடித்திருப்பார். என் படிப்பு, வேலை எல்லாம் விசாரிப்பார். கடிதத்தைப் பற்றி அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நேர்காணலுக்குப் போய்வந்த அன்று மத்தியானம் அப்பா கத்திய கத்தல் பக்கத்து வீடுகளுக்கும் கேட்டிருக்கும். நான் சோற்றுக் கோப்பையோடு குளிர்சாதனப் பெட்டியின் அருகில் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"லீக்கை மூடினவங்கள் உனக்கொண்டும் அறிவிக்கேல்லையோ? ஒரு கடிதம்கூட வரேல்லையோ?"

மாமா என்னைப் பார்த்தார்.

"வந்தது அத்தான். நான்தான் ஆருக்கும் காட்டாமல் எங்கையோ வைச்சு மறந்துபோனன்."

"மடையா" என்று அப்பா கையை ஓங்கினார். அம்மா குறுக்கே விழுந்து தடுத்தார். மாமா தலை குனிந்துகொண்டார்.

எனக்கு உயிர் திரும்பி வந்தது. முதற்கோடையின் எந்த ஆட்டத்தையும் ஒன்பது இன்னிங்ஸோடு ஒப்புவிக்கிற மாமா, ஒன்பது நாளுக்கு முன்னால் அதே சமையலறையில் என்னிடம் வாசிக்கத் தந்த கடிதத்தை மறந்துவிட்டார் என்று நான் நம்பினேன். நல்லவேளை, மாமாவுக்கு ஞாபகமில்லை என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.