பந்து மட்டும் கதைக்கிற குழு

எங்கள் கடற்கரை ஊரின் விளையாட்டுக் கழகத்துக்கு ஒரு கைபேசிக் குழு இருக்கிறது. ஊரில் உள்ளவர்களும் வெளிநாடு போனவர்களுமாகக் கழகத்தின் ஆதரவாளர்கள் எல்லோரும் அதில் உண்டு. பெண்கள் குறைவு. எங்கள் வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம்தான் மைதானம் என்பதால், எனக்குச் சிறு வயதிலிருந்தே பந்து பார்க்கும் பழக்கம். இப்போது கரவெட்டியில் ஓர் அலுவலகத்தில் வேலை. போட்டி நாளில் பஸ் பிந்தினால், ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்று குழுவைப் பார்த்துத்தான் அறிந்துகொள்வேன்.

உள்ளூராட்சித் தேர்தல் ஒன்று வந்தபோது அந்தக் குழு ஏறக்குறைய உடைந்தது. கழகத்தின் பழைய ஆட்டக்காரர்கள் இருவர், மச்சான்மார், வேறு வேறு கட்சிகளுக்கு வேலை செய்தார்கள். முதலில் பகிடியாகத்தான் எழுதினார்கள். பிறகு ஒருவரின் தகப்பனை மற்றவர் இழுத்தார். ஒருவர் மகளின் சாமத்தியச் சடங்குக்கு மற்றவர் போகாமல் விட்டதோடு அது ஊர்க்கதையாகிவிட்டது. அதன் பிறகு கழகச் செயலாளர் குழுவின் முகப்பில் இப்படி எழுதி வைத்தார்: "இங்கே பந்து மட்டும் கதைக்கலாம். அரசியல், சமயம் வேண்டாம். மீறினால் அழிக்கப்படும்."

செயலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து இளைப்பாறியவர். அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வராது. கோல் கம்பத்துக்கு வெள்ளையடிப்பதிலிருந்து போட்டிக்கு அனுமதி எடுப்பது வரை அவர்தான். அந்த விதி எனக்கும் பிடித்திருந்தது. ஆட்கள் ஓஃப்சைட்டைப் பற்றி மட்டும் சண்டை பிடித்தார்கள். மத்தியஸ்தர் எந்த ஊர்க்காரர் என்று ஆராய்ந்தார்கள். அது அரசியலில் சேராது என்பது எல்லோருக்கும் சம்மதமாக இருந்தது.

போட்டிக்குப் போகுமுன் எங்கள் ஆட்டக்காரர்கள் அம்மன் கோயில் வாசலில் தேங்காய் உடைப்பார்கள். நெற்றியில் திருநீற்றோடு வரிசையாக நிற்கும் படம் குழுவுக்கு வரும். லண்டனிலும் கனடாவிலும் இருந்து கும்பிட்ட கைகள் வந்து விழும். அதைச் சமயம் என்று யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

எங்கள் கோல்காப்பாளர் எங்கள் ஊரில் பிறந்தவர் அல்ல. இதே கரையோரமாகக் கொஞ்சத் தூரம் போனால் வரும் ஒரு கத்தோலிக்க ஊர்க்காரர். எங்கள் ஊரில் கலியாணம் செய்து, மாமனாரின் படகில் தொழிலுக்குப் போகிறார். தேங்காய் உடைக்கும்போது வரிசையின் கடைசியில் நிற்பார். திருநீற்றுத் தட்டு வந்தால் தொட்டுக் கும்பிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். அதைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அந்த முறை சுற்றுப்போட்டி எங்கள் மைதானத்திலேயே நடந்தது. அரையிறுதி பெனால்டி வரை போனது. கடைசி உதையை அவர் இடப்பக்கம் பாய்ந்து ஒற்றைக் கையால் தட்டிவிட்டார். உடனே முழந்தாளிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். யாரோ சரியாக அந்த நேரத்தில் படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார்கள். நல்ல படம். பின்னால் கோயில் கோபுரமும் தெரிந்தது.

குழுவில் ஆரவாரம் அடங்குமுன் என் பெரியம்மாவின் மகன் லண்டனிலிருந்து எழுதினார்: "பெடியன் கெட்டிக்காரன்தான். ஆனா எங்கடை அம்மன் வாசலிலை உது தேவையோ?"

"அதானே" என்றார் ஒருவர். இன்னொருவர், "பந்தைத் தட்டேக்கை ஆரின்ரை சாமி எண்டு பாத்தோ கைதட்டினனீங்கள்?" என்று திருப்பிக் கேட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக அழிந்தன. செயலாளர் படத்தையும் சேர்த்து அழித்துவிட்டு, "சமயம் வேண்டாம் எண்டு சொன்னனான்" என்று எழுதினார்.

கோல்காப்பாளர் குழுவில் வாயே திறக்காதவர். அன்றைக்கு ஒரு வரி எழுதினார்: "அப்ப தேங்காய்ப் படங்களையும் எடுங்கோ அண்ணை." அடுத்த நிமிடம் அவர் குழுவிலிருந்து விலகிவிட்டதாகக் காட்டியது.

மறுநாள் மாலை செயலாளர் மைதானத்தில் கொடி கட்டிக்கொண்டு நின்றார். நான் மதிலடியில் நின்று கேட்டேன்.

"தேங்காய் உடைக்கிறது சமயமில்லையோ அண்ணை?"

"அது வழமை, தங்கச்சி."

"அவருக்குச் சிலுவை போடுறதும் வழமைதானே."

அவர் கயிற்றை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். "நான் ஒருத்தரையும் நோகடிக்க இதைச் செய்யேல்லை. சண்டைக் காலத்திலை உந்த மரத்துக்குக் கீழை இருந்து கதைச்ச கதைக்காகப் பெடியளைக் கொண்டு போனவங்கள். பந்தைப் பற்றி மட்டும் கதைச்சவனை ஒருத்தரும் கொண்டு போகேல்லை."

அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களில் அவருடைய தம்பியும் ஒருவர். ஊருக்கே தெரியும். அவர் அடுத்த கம்பத்துக்குப் போய்விட்டார்.

இறுதிப்போட்டி நெருங்கிய கிழமையில் கோல்காப்பாளர் பயிற்சிக்கு வரவில்லை. படத்தை அழித்த கோபமாம் என்று குழுவில் எழுதினார்கள். தலைக்கனம் என்றார்கள். என் பெரியம்மா மகன், "வெளியூராளை நம்பினால் இதுதான்" என்றார். அது சமயமும் இல்லை, அரசியலும் இல்லை என்பதாலோ என்னவோ, அழிக்கப்படவில்லை.

காலையில் பஸ்ஸுக்கு நின்றபோது கோல்காப்பாளரின் மனைவியைக் கண்டேன். கையில் சாப்பாட்டுப் பை.

"தம்பி ஏன் பந்தடிக்க வாறேல்லை?" என்று கேட்டேன்.

"வலையெல்லாம் போச்சுது அக்கா. இந்திய றோலர் படகு வந்து எல்லாத்தையும் அறுத்துக்கொண்டு போட்டுது. அவர் மற்ற ஆக்களோடை யாழ்ப்பாணத்திலை மறியல் போராட்டத்திலை இருக்கிறார். சாப்பாடு கொண்டு போறன்."

நான் பஸ்ஸில் இருந்தபடியே, அவள் சொன்னதை அப்படியே குழுவில் எழுதினேன். கரவெட்டியில் இறங்கிப் பார்த்தபோது அது இல்லை. செயலாளருக்கு அழைப்பு எடுத்தேன்.

"கீப்பர் ஏன் வரேல்லை எண்டு சொல்லுறது அரசியலோ அண்ணை?"

"கீப்பர் வரேல்லை எண்டது பந்து. றோலர் எண்டால் அரசியல். அங்காலை இருந்து வாறதும் தமிழ்ச் சனம். வெளிநாட்டிலை இருக்கிறவைக்கு ஒரு கருத்து, இங்கை கடலுக்குப் போறவைக்கு ஒரு கருத்து. துவங்கினால் நிக்காது, தங்கச்சி."

"அப்ப தலைக்கனம் எண்டு எழுதினது அப்பிடியே கிடக்கட்டுமோ?"

"நான் போய் அவனைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மத்தியானம் லண்டனிலிருந்து பெரியம்மா மகன் எனக்கு அழைப்பு எடுத்தார். அழிபடுமுன் நான் எழுதியதை வாசித்துவிட்டாராம்.

"முழு வலையும் போச்சுதோ?"

"ஓம் அண்ணை. முழுக்க."

பெரியப்பாவும் கடலுக்குப் போனவர்தான். வலை போன வீட்டில் அன்றைக்கு எப்படி இருக்கும் என்பதை நான் அவருக்குச் சொல்லத் தேவையில்லை. "ச்சை" என்று மட்டும் சொன்னார். பிறகு கோல்காப்பாளரின் இலக்கத்தைக் கேட்டார். கொடுத்தேன்.

செயலாளர் உண்மையாகவே மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணம் போனார். போன இடத்தில் நடந்ததை அவரே பிறகு எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னார். தெருவோரம் தறப்பாள் கட்டி, அதன் கீழ் ஆட்கள் இருந்தார்கள். கோல்காப்பாளர் எழும்பி வந்து, "இப்ப எழும்பி வந்தா மரியாதையில்லை அண்ணை. பின்னேரம் இது முடிஞ்சோடனை வாறன். கொஞ்சம் இருங்கோ" என்றாராம். வெயில் கொளுத்தியது. நிழல் தறப்பாளுக்குக் கீழ் மட்டும்தான். செயலாளர் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். யாரோ தேத்தண்ணி கொடுத்தார்கள். இன்னொருவர் ஒரு பதாகையின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தார். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுத்துக்கொண்டு போனார்.

அந்தப் படம் பின்னேரம் ஒரு செய்தித் தளத்தில் வந்தது. யாரோ அதை எங்கள் குழுவில் போட்டார்கள். முன்வரிசையில், கையில் பதாகையோடு, எங்கள் செயலாளர்.

குழு பார்த்துக்கொண்டிருந்தது. நானும் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது அழியும் என்று காத்திருந்தேன். அழியவில்லை. கடைசியில் அவர் எழுதினார்: "கீப்பரைக் கூட்டிவரப் போனனான்."

முதலில் சிரிப்பாக வந்தது. "பதாகையும் கோல் கம்பமோ அண்ணை?" என்றார் ஒருவர். பிறகு கனடாவிலிருந்து ஒருவர் வலை எவ்விடத்தில் அறுபட்டது என்று கேட்டார். ஊரிலிருந்து ஒருவர் விளக்கினார். றோலர்க்காரரும் ஏழைகள்தானே என்று ஒருவர் எழுத, முதலாளி ஏழையில்லை என்று மற்றவர் எழுதினார். சண்டைக் காலத்தில் எங்களுக்காக அழுத சனம் அவர்கள் என்று ஒருவர் சொன்னார். அழுத சனம் வேறு, றோலர் வைத்திருக்கிறவன் வேறு என்று அதற்குப் பதில் வந்தது. கோபம் இருந்தது. ஆனால் யாரும் யாருடைய தகப்பனையும் இழுக்கவில்லை. எப்போதோ சண்டை பிடித்த அந்த மச்சான்மார் இருவரும் ஒரே பக்கம் நின்று வாதாடினார்கள். செயலாளர் எதையும் அழிக்கவில்லை.

இறுதிப்போட்டியில் தோற்றோம். ஒரு கோர்னர் உதை, எங்கள் பின்வரிசை ஆட்டக்காரரின் தோளில் பட்டு உள்ளே போனது. கோல்காப்பாளருக்கு அதில் செய்ய எதுவும் இல்லை. அவரைக் குறை சொல்லி ஒருவரும் எழுதவில்லை. வலை போன கதை எல்லோருக்கும் தெரிந்திருந்ததால்தான் அப்படி என்று நான் சொல்ல மாட்டேன். கோல் அப்படிப்பட்டது.

பெரியம்மா மகன் அவரோடு என்ன கதைத்தார் என்பதைக் கோல்காப்பாளரின் மனைவி பிறகு எனக்குச் சொன்னாள். கனநேரம் கடலைப் பற்றித்தான் கதைத்தாராம். தொலைபேசியை வைக்கப் போகும்போது, "அண்டைக்கு நான் எழுதினதை மனசிலை வைச்சிருக்காதை தம்பி" என்றாராம். இவர் "ஓம் அண்ணை" என்று மட்டும் சொன்னாராம்.

மனசில் வைத்திருக்கிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. குழுவுக்கு அவர் திரும்பி வரவில்லை. ஒருநாள் கடற்கரையில் கண்டு, ஏன் என்று கேட்டேன். புதிய வலைக்கு மிதவை கட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "என்னைப் பற்றிக் கதைக்கிற இடத்திலை நானும் நிண்டா உங்களுக்கு வடிவாக் கதைக்க ஏலாது அக்கா."

முகப்பில் அந்த விதி இன்னும் இருக்கிறது. அதை எடுக்கும்படி யாரும் கேட்கவில்லை, செயலாளரும் எடுக்கவில்லை. சில நாட்களில் ஏதாவது அழிகிறது; சில நாட்களில் அழிவதில்லை. எதை அழிப்பது என்பதில் அவருக்கே இப்போது சந்தேகம் வந்து, "உது கிடக்கலாமோ தங்கச்சி?" என்று சிலவேளை எனக்கு அழைப்பு எடுப்பார். எனக்கும் தெரியாது என்பேன்.

கோல்காப்பாளருக்குப் பதிலாக அவருடைய மனைவி குழுவில் சேர்ந்திருக்கிறாள். போன கிழமை, நடுக்களத்தில் நிற்பவர் பந்தை வைத்து நேரத்தை மினக்கெடுத்துகிறார் என்று நீளமாக எழுதியிருந்தாள். அவள் சொன்னது சரி என்றுதான் எனக்கும் பட்டது.