மூட்டு மாத்திரையும் மாடிப்படியும்

அண்ணன் பிரான்சுக்குப் போனபோது தன் லாப்ரடார் நாயை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். பத்து வயதில் அதன் பின்னங்கால்கள் மடங்க மறுத்தன. வில்லியனூர் பக்கம் அண்ணன் கட்டிய வீட்டில் நானும் நாயும் மாடியில் இருந்தோம். கீழே ஒரு தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். நாயின் வயிற்றுக்கு அடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்தபடிதான் காலையும் மாலையும் படியிறக்குவேன். ஒரு ஞாயிறு, பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டது. மேலேயும் வராது, கீழேயும் இறங்காது. முப்பத்தெட்டு கிலோ. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கத்துக் கோயிலில் பூசை மணி தொடங்கி ஓயும்வரை அங்கேயிருந்தே கேட்டேன்.

பாகூரில் ஒரு பள்ளியில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாள் முழுக்க நாயை யார் பார்ப்பது? யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவைத்தேன்.

கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்றார். சில நாளைக்கு வலி மாத்திரையும், சோற்றில் கலந்து கொடுக்க ஒரு பவுடரும் எழுதினார்.

"பவுடர் மருந்து இல்லமா, தொணைக்குத்தான். ஒன்றர மாசமாவது குடுத்தாதான் தெரியும். மொதல்ல எடையக் கொறைங்க. மாடிப்படி கூடவே கூடாது."

கடைசியாகச் சொன்னதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

அண்ணனிடம் சொன்னேன். அவன் ஒரு வாரம் இணையத்தில் படித்து, ஊருக்கு வந்த ஒருவரிடம் சவைக்கும் மாத்திரை டப்பா கொடுத்தனுப்பினான். பிரெஞ்சு எழுத்தை போனில் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தேன். மூட்டுக்கான குளுக்கோசமைன், மீன் எண்ணெய், ஏதோ பச்சைச் சிப்பி. இட்லிக்குள் வைத்துக் கொடுத்தால் நாய் இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் தரையில் வைத்தது. வாயைத் திறந்து போட்டு, பவுடரையும் சேர்த்தே கொடுத்தேன். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு. மருத்துவரிடம் கேட்டபோது, இரண்டிலும் ஏறக்குறைய ஒரே சரக்குதான், நாய் ஒழுங்காகச் சாப்பிடுகிற ஒன்றை மட்டும் விடாமல் கொடுங்கள் என்றார். பவுடரை வைத்துக்கொண்டேன். டப்பா பீரோவுக்குள் போனது.

அண்ணன் தினமும் வீடியோவில் வந்து மாத்திரை வேலை செய்கிறதா என்று கேட்பான். அவ்வளவு ஆசையாக அனுப்பியவனிடம் நிறுத்திவிட்டேன் என்று சொல்ல நா எழவில்லை. நன்றாக நடக்கிறது என்றேன். இன்னும் இரண்டு டப்பா வந்தது. கீழ் வீட்டுக்கு மாறிக்கொள்ளட்டுமா என்று ஒருநாள் மெதுவாகக் கேட்டேன்.

"அதான் நல்லா நடக்குதே. இப்போ இன்னாத்துக்குக் கீழ வரணும்?" என்றான்.

சரிண்ணா என்று போனை வைத்தேன். பள்ளியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

பிறகு ஒரு மாலை வீடியோவில் அவன் குரலைக் கேட்டு நாய் எழுந்து வரப் பார்த்தது. டைல்ஸ் தரையில் பின்னங்கால்கள் இரண்டும் விரிந்து அப்படியே விழுந்தது. எழ முடியவில்லை. அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாத்திரைய நிறுத்தி ரெண்டு மாசம் ஆவுதுண்ணா. பொய் சொன்னேன். என்னால இதத் தூக்க முடியல. இத வுட்டுட்டு எங்கயும் போவவும் முடியல."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல" என்றான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கீழ் வீட்டுக்காரர்களிடம் அவனே பேசினான். மாடியில் காற்று வரும் என்று அவர்கள் சம்மதித்தார்கள். ஒரே வாரத்தில் வீடு மாறினோம். வழுக்காமல் இருக்கத் தரையெல்லாம் ரப்பர் பாய் விரித்தேன். சோற்றைக் குறைத்துப் பூசணிக்காய் வேகவைத்துக் கலந்தேன். பவுடரை விடவில்லை. இரண்டு மாதத்தில் அது தானாக எழுந்து கேட் வரை போய்த் திரும்பியது. பவுடரா, எடை குறைந்ததா, படி இல்லாததா என்று மருத்துவரைக் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது, எதையும் நிறுத்தாதீர்கள் என்றார்.

இப்போது நான் வெளியே கிளம்பலாம். செருப்பை மாட்டும்போது அது தலையைத் தூக்கிப் பார்க்கும். பல நாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.