டோலிடோ ரயிலில் பக்கத்து சீட்

மாட்ரிட்டிலிருந்து டோலிடோ கிளம்பும் ரயிலில் எனக்கும் மனைவி காயத்ரிக்கும் தனித்தனி வரிசை. அமெரிக்காவில் எனக்கு மேற்குக் கரையில், ஃப்ரீமான்ட்டில் வேலை, அவளுக்குக் கிழக்குக் கரையில், நியூ ஜெர்சியில். விடுமுறையிலுமா பிரிந்து உட்காருவது? அவள் பக்கத்து சீட்டுப் பெரியவரிடம், நம்மூர் ரயில் பழக்கத்தில், ஆங்கிலத்தில் கேட்கிறேன்: "சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியுமா?"

"ஐயோ, மானத்த வாங்காத!" என்கிறாள் காயத்ரி.

ஜன்னலோரம் கிடைத்தால் பெரியவர் மாறுவாராம். ஜன்னலோரப் பெண்ணோ தோழி பக்கத்தில் இடமிருந்தால்தான் நகர்வாளாம். தோழியும் எழ, பாதிப் பெட்டியே சிரித்துக்கொண்டு இடம் மாறுகிறது. ஒருவழியாக நான் காயத்ரி பக்கத்தில் உட்காரும்போது டோலிடோ வந்துவிடுகிறது. அரை மணி நேரப் பயணம்தானே!

"சாயங்காலம் எந்த ரயில்ல திரும்புறீங்க?" என்கிறார் பெரியவர். "சொல்லுங்க, நான் வேற ரயில்ல போறேன்."

பிளாட்பாரத்தில் காயத்ரி என் கையைக் கோத்துக்கொள்கிறாள். "வாடா, நடக்கறதுக்கு சீட் நம்பர் கிடையாது."