தில்லையம்மாளுக்கு ஒரு கரண்டிக் கஞ்சி

காந்தா இடக்கையால் மாமியாரின் முகவாயைத் தாங்கி, வலக்கையால் கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள். கஞ்சி வழிந்து ஓடாத அளவுக்குக் கெட்டியாகக் காய்ச்சியிருந்தாள். முதுகுக்குத் தலையணை வைத்து, தலை சற்றே முன்குனிய உட்கார்த்தியிருந்தாள். எல்லாம் நோயாளிப் பராமரிப்புப் பயிற்சியில் சொல்லித் தந்தபடிதான். தில்லையம்மாள் உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"ஒரே ஒரு வாய், அத்தே."

கிழவியின் கண் அவளைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் போனது.

நேற்றுக் காலையிலிருந்து இதே கதைதான். பக்கவாதத்தில் வலக்கையும் பேச்சும் போன பிறகு, மகள் ரேணுகாம்பாள் வந்து தங்கிப் பார்த்துக்கொண்டாள். அவள் ஊட்டியபோது ஒழுங்காக இறங்கியது. பிள்ளைக்குப் பரீட்சை என்று அவள் முசரவாக்கத்துக்குத் திரும்பியதும் பொறுப்பு காந்தாவிடம் வந்தது. அன்றே வாய் மூடிக்கொண்டது. இப்போது நாக்கு காய்ந்து, சிறுநீர் நிறம் மாறிவிட்டது. சாயங்காலத்துக்குள் எதுவும் இறங்காவிட்டால் கூட்டிவாருங்கள், மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் போனில் சொல்லிவிட்டார்.

காந்தா பல வீடுகளில் நோயாளிகளைப் பார்த்துச் சம்பாதிக்கிறவள். வாயை மூடும் நோயாளிக்கு முதலில் தொண்டையைப் பார்க்க வேண்டும், மனசைப் பிறகு பார்க்கலாம் என்று அவளுக்குத் தெரியும். பார்த்தாள். புண் இல்லை, எச்சிலை விழுங்குகிறாள். அப்படியானால் மனசுதான். அந்த மனசும் தெரிந்ததுதான். காந்தா ஞானஸ்நானம் எடுத்த வருஷத்திலிருந்து அவளுடைய தட்டைத் தனியாகக் கவிழ்த்து வைத்தவள் தில்லையம்மாள். இப்போது அவள் கைக் கஞ்சியும் வேண்டாம் போலிருக்கிறது.

குழாய் போட்டால் பிள்ளையார்பாளையம் முழுக்க என்ன பேசும்? அல்லேலூயாக்காரி மாமியாரைப் பட்டினி போட்டுவிட்டாள் என்று பேசும். போதாததற்கு நாளை ஞாயிறு. ஆண்டவர் தனக்குச் செய்ததை ஆராதனையில் எல்லார் முன்பும் சாட்சியாகச் சொல்லும்படி பாஸ்டர் கேட்டிருந்தார். 'என்னைப் பகைத்தவர்களுக்கு ஊட்டிவிடும் கிருபையை ஆண்டவர் எனக்குத் தந்தார்' என்று கரண்டியைப் பிடித்தபடியே மனசுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தாள். அது தனக்கே உறைத்ததும் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டாள்.

கணவன் சம்பந்தம் நெய்து முடித்த புடவையைக் கொடுக்க நெசவாளர் சொசைட்டிக்குப் போயிருந்தான். போனைத் தறிமேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தான். வேறு வழியில்லாமல் நாத்தனாரைப் போனில் கூப்பிட்டாள்.

"இன்னா அண்ணி, அம்மா எப்படி இருக்குது?"

"வாயே தொறக்கலமா ரேணு. நீ எப்படிக் குடுத்துக்கினு இருந்த? எதனா கலந்தியா?"

"இன்னாத்த கலக்கறது? உன்னாட்டம் நான் இன்னா படிச்சிட்டா வந்தேன்? வெறும் அரிசிக் கஞ்சிதான். நெத்திக்கு வெச்சியா?"

"எத?"

"விபூதி அண்ணி! வெறும் நெத்தியோட எங்கம்மா பச்சத்தண்ணி குடிக்காதே. ஆஸ்பத்திரியிலயே நான் வெச்சிவுட்டுதான் குடுத்தேன். தலைமாட்டுல சம்படம் இருக்குது பாரு."

தலைமாட்டில் மாத்திரை டப்பாதான் இருந்தது. மருந்துக்கு இடம் வேண்டுமென்று விபூதிச் சம்படத்தைச் சுவர் அலமாரிக்கு மாற்றியவள் காந்தாவேதான். கிழவியின் கண் போய்ப் போய் நின்றது அங்கேதான். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அவளுக்கு இது தெரியவில்லை. அந்த நெற்றியை நேராகப் பார்க்காமலே பழகியிருந்தாள்.

"நீ தொட்டா உங்க சாமி கோச்சிக்கும். அண்ணன் வந்ததும் வெக்கச் சொல்லு," என்று ரேணு போனை வைத்தாள்.

சம்பந்தம் வர சாயங்காலம் ஆகிவிடும். காந்தா அலமாரி முன் நின்றாள். ஞானஸ்நானத்தன்று தண்ணீருக்குள் நின்று, இதையெல்லாம் விட்டேன் என்று சொன்ன வாக்கு நினைவுக்கு வந்தது. தெரிந்தே தொட்டால் ஆண்டவரை மறுதலித்ததாகுமா? பாஸ்டரைக் கேட்கலாம். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்பார், அதுவரை நாக்கு காயும். அத்தை மனசை மாற்றுங்கள் என்று நேற்று ஆண்டவரிடம் முழங்காலில் நின்று கெஞ்சியவள், தன் மனசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

"ஆண்டவரே, தப்புன்னா என்னக் கேளுங்க. இவங்கள காயப்போடாதீங்க." சம்படத்தை எடுத்தாள்.

தானே பூசிவிட்டிருக்கலாம். ஆனால் தாங்கிப் பிடித்தால் நோயாளி செய்துகொள்ளக்கூடியதை நாம் செய்துவிடக் கூடாது. அது பயிற்சியின் முதல் பாடம். தில்லையம்மாளின் செத்துப்போன வலக்கையை முழங்கையிலும் மணிக்கட்டிலும் தாங்கி, மூன்று விரலைத் திருநீற்றில் தோய்த்து, நெற்றிக்கு உயர்த்திக் குறுக்கே இழுத்தாள். கோடு கோணலாக விழுந்தது. கிழவி கண்ணை மூடிக்கொண்டாள்.

உதட்டில் உதிர்ந்த துகளைத் துடைத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவந்து காந்தா கரண்டியை எடுத்தாள்.

வாய் திறந்தது.

தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தாள். இருமல் வருகிறதா என்று காத்திருந்தாள். வரவில்லை. அடுத்த கரண்டி கொடுத்தாள். கிண்ணத்தில் பாதி இறங்கியது. கிழவி அவள் முகத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை, கரண்டியைத்தான் பார்த்தாள்.

மறுநாள் காலையில் சம்பந்தம் குளித்துவிட்டு வந்தான். "நான் வெச்சிவுடறேன், நீ சர்ச்சுக்குக் கிளம்பு. டைமாச்சு."

"தறிப் பலகைய இழுக்கற மாரி இழுப்ப நீ. தோள்பட்ட கழண்டுக்கும். தள்ளுய்யா."

சம்படம் தலைமாட்டுக்குத் திரும்பியிருந்தது, மாத்திரை டப்பா ஜன்னலில் இருந்தது. கையைத் தாங்கினாள், நெற்றி முடிந்தது, கஞ்சி கொடுத்தாள். சர்ச்சில் பாட்டெல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தாள். சாட்சிக்குக் கூப்பிட்டபோது எழுந்து, "எங்க அத்தைக்குக் கஞ்சி இறங்குது. ஜெபம் பண்ணிக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வெளியே வரும்போது, அத்தைக்குத் திருநீறு வைத்ததைப் பாஸ்டரிடம் மறைக்காமல் சொன்னாள். "வீட்டுக்கு வரேன்மா, பேசுவோம்," என்றார் அவர். அவர் முகத்திலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

"வாங்கய்யா. கஞ்சி நேரத்துல மட்டும் வராதீங்க," என்று சொல்லிவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தாள். அத்தையை இடப்பக்கம் திருப்பிப் படுக்கவைக்கும் நேரமாகியிருந்தது.