எத்தனை மிளகாய்?

பாலித் தீவின் சிங்கராஜா ஊரில் எங்கள் தெருமுனையில் சுகெர்த்தியக்கா திபாத் கடை போட்டிருந்தார். ஒவ்வொரு தட்டுக்கும் வேர்க்கடலை, பூண்டு, கச்சோலம், கருப்பட்டி எல்லாம் கல்லில் வைத்துத் தனித்தனியாக அரைப்பார். ஓலைக்கூட்டில் வெந்த திபாத் சோற்றுக்கட்டியை அதிலேயே நறுக்கிப் போட்டு, வள்ளைக்கீரையோடு பிரட்டித் தருவார். முதல் நாள் மட்டும் “எத்தனை மிளகாய்?” என்று கேட்பார். பிறகு நாம் சொன்ன எண்ணே நம் பெயர்.

“வாடி மூணு! இப்பதான் ஏழு வந்துட்டுப் போனாரு. கண்ணுல தண்ணி கொட்டுது, வீராப்புக்கு மட்டும் குறைச்சலில்ல” என்பார். ஏழு எங்கள் தபால்காரர். முறுக்கு மீசை பஸ் டிரைவருக்கு அரை மிளகாய் என்பது ஊருக்கே தெரியும்.

கல்யாணமாகித் தென்பசார் போனதும் நானும் ஒரு கல் வாங்கி அரைத்தேன். ருசியில் குறையே இல்லை, சத்தியம் செய்வேன். ஆனால் அந்த வீட்டில் என்னை ‘மூணு’ என்று கூப்பிட ஆளில்லை.

கடையை மூடிவிட்டு மகனோடு இருந்த அக்காவைப் போன கலுங்கான் பண்டிகைக்கு வீட்டுக்கு அழைத்தேன். கல்லின் முன் உட்கார்ந்து, அவர் குரலிலேயே கேட்டேன்.

“எத்தனை மிளகாய்?”

சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது.

“இத்தனை வருஷத்துல என்னை ஒருத்தரும் கேட்டதில்லடி.”

“நான் கேக்குறேன்ல, சொல்லுங்க.”

“எனக்குக் காரமே ஆகாது. ஒண்ணுகூட வேணாம்.”

மிளகாயைத் தள்ளி வைத்துவிட்டு அரைத்தேன்.

“இந்தாங்க, தட்டப் பிடிங்க சைபரக்கா.”